ஒரே இடத்தில் இரண்டு மூச்சு

போன வாரம் சின்னுவை லிஃப்டுக்குள் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்கு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். தோளில் குழல் பை. கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பு. விரல்கள் மட்டும் லிஃப்டின் கைப்பிடிக் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கம்பியில் ஏது துளை? ஆனாலும் மூடுகிறாள், திறக்கிறாள், மறுபடி மூடுகிறாள்.

இந்த வாரம்தான் முதல்முறையாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. மற்றவர்கள் லிஃப்ட் மேலே போய்ச் சேரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னுவின் அண்ணன் புல்லாங்குழல் வித்வான். அரைக்கால் சட்டையோடு மேடை ஏறியவர். தலை நரைத்த பிறகும் அவர் கச்சேரி என்றால் அரங்கத்தின் கடைசி வரிசைவரை ஆள் இருக்கும். ஊர் அவருக்கு வைத்த பெயர் பெரியகுழல். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே வாசிக்கும் தங்கை சின்னக்குழல். வீட்டில் அது சுருங்கிச் சின்னு ஆகி, நாற்பது வயதைத் தொட்ட பிறகும் சின்னுவாகவே நின்றுவிட்டது.

பெரியகுழல் எதை வாசித்தாலும் அழகுதான். ஆனால் ஜனங்கள் போட்டது போட்டபடி ஓடி வருவது ஒன்றுக்காக. ராகத்தைக் கீழிருந்து பொறுமையாகக் கட்டிக்கொண்டு வந்து, மேல் காந்தாரம் என்கிற உயரத்து ஸ்வரத்தில் போய் நிற்பார். சும்மா நிற்பார். அசைக்க மாட்டார், வளைக்க மாட்டார். கேட்கிறவர்கள் மூச்சு விட மறந்துபோவார்கள். 'பெரியகுழல் காந்தாரம்' என்று அதற்குப் பெயரே உண்டு.

போன வருஷம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாயிலிருந்த தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. முகவாதம். ஊருக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்தார்கள். முகம் நேராகிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. கீழுதட்டின் இடது ஓரம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சாப்பிட, சிரிக்க, சண்டை போட அந்த உதடு போதும். மேல் காந்தாரத்துக்குப் போதாது. குழலின் வாயில் மயிரிழையாக விழவேண்டிய காற்று ஓரத்தில் கசிந்து, ஸ்வரத்துக்குப் பதில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும்.

ஓய்வுக்குப் பிறகு நடந்த முதல் கச்சேரியில், அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மேலே ஏறிய நிமிஷத்தில், சின்னு ஒரு காரியம் செய்தாள். அவருக்கு முன்னால் தான் ஓடிப்போய் அந்தக் காந்தாரத்தில் நின்றுவிட்டாள். அதுவும் அண்ணனின் சத்தத்தில். இரண்டு குழலும் இரண்டு உதட்டில் இருக்கும்போது எது எங்கிருந்து வருகிறது என்று யார் கண்டது? அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது, அண்ணனைப் பார்த்து. அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரியிலும் இதே கதை. யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கே தெரியாது என்றுதான் சின்னு நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு ஒலிப்பதிவு. அண்ணனின் மேடை வாழ்க்கையைக் கொண்டாட ஓர் ஆல்பம். மேடையில் செய்ததை ஒலிப்பதிவு மைக்குக்கு முன்னால் செய்ய முடியுமா? செய்து அகப்பட்டுக்கொண்டால் போவது அவள் பெயரல்ல, அண்ணனின் பெயர்.

அண்ணன் வீட்டு மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது.

*

"வா, வா. உங்கண்ணன் பாத்ரூம்ல ஒளிஞ்சுட்டிருக்கார்" என்றாள் அண்ணி.

அண்ணிக்கு மருந்துக்கடையில் வேலை. வெள்ளைக் கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்தாள். இன்னொரு கையில் பாதி கடித்த ரொட்டி.

உள்ளே குழாய் திறந்திருக்கும் சத்தம். தண்ணீருக்கு அடியில் குழல்.

"தண்ணியத் திறந்து விட்டா எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. இத்தனை வருஷமா அந்தக் குழலோட குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா?"

குழல் மேலே ஏறியது. ஏறி, ஏறி, பிறகு 'ஸ்ஸ்'. உடனே குழாய் இன்னும் கொஞ்சம் பலமாகத் திறந்தது.

அண்ணியும் சின்னுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"தினம் கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு கன்னத்தை உப்பச் சொல்றேன். கல்யாணமான புதுசுல கன்னத்தை உப்பிட்டு உக்காந்திருந்தது நான். இப்ப அவர் முறை." சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் சின்னு. வீட்டுல மேல போனா வெறும் காத்துதான் வருது. மேடையில மட்டும் எப்படி அப்படியே நிக்குது?"

சின்னு குழல் பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மேடை ஏறினா அண்ணன் வேற ஆள், அண்ணி."

"அதேதான் நானும் நெனச்சேன்." அண்ணியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "டாக்டர், உதடு சரியா வரலாம், வராமலும் போகலாம்னு இழுத்தார் பாரு. அவருக்கு என்ன தெரியும்? மேடையில வர்றது ஒருநாள் வீட்டுலயும் வந்துடும். அந்த நம்பிக்கையிலதான் நான் ஓடிட்டிருக்கேன். ராத்திரி அவர் தூங்கினப்புறம் அந்த உதட்டைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். பைத்தியக்காரின்னு சொல்லாதே."

சின்னு குனிந்தாள். கீழே கிடந்த செருப்பை நேராக வைத்தாள்.

"மதியம் ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா ஸ்டுடியோவுக்கு வந்துடறேன். கிட்டக்க நின்னு கேக்கணும்."

"நீங்க எதுக்கு அண்ணி அலையணும்? அங்க உக்கார இடம்கூட இருக்காது."

"நின்னுக்கறேன்."

குழாய் மூடியது. அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ரொம்ப உற்சாகமாக இருந்தார். அவர் அப்படி உற்சாகமாக இருந்தாலே உள்ளே ஏதோ குடைகிறது என்று அர்த்தம்.

"என்ன, மாமியார் மருமகள் மாதிரி ரெண்டு பேரும் குசுகுசுன்னு?"

"உங்களைப் பத்தித்தான். நல்லதா ஒண்ணும் இல்ல" என்றாள் அண்ணி. மேஜையில் வெந்நீர் பிளாஸ்கை எடுத்து வைத்தாள். மறக்காமல் எடுத்துப் போகும்படி சொன்னாள். அண்ணன் சரி சரி என்றார். கிளம்பும்போது இருவருமே மறந்துபோனார்கள்.

*

அண்ணனும் தங்கையும் டாக்ஸி பிடித்து ஸ்டுடியோவுக்குக் கிளம்பினார்கள். சின்னுவின் விரல்கள் இப்போது பையின் வாரில் ஓடின.

"விரலைக் கொஞ்சம் நிறுத்தறியா? டிரைவருக்கே சுருதி விலகிடும் போலிருக்கு."

விரலை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "இப்பல்லாம் உன் சத்தம் ரொம்ப சுத்தமாயிடுச்சு. அந்த மணலே இல்ல."

மணல் என்பது அந்த வீட்டுச் சொல். சின்ன வயதிலிருந்தே சின்னுவின் குழலில் லேசாக ஒரு சொரசொரப்பு இருக்கும், சிமெண்டுத் தரையில் மணலைக் காலால் தேய்த்தால் வருமே, அது மாதிரி. அண்ணன் குழலோ வழுவழுவென்று எண்ணெயாக ஓடும். 'வாய் நிறைய மணலைப் போட்டுக்கிட்டு ஊதறியா?' என்று அவர் கேலி பண்ணாத நாள் கிடையாது.

"நீதான அதைச் சொல்லிச் சொல்லியே உயிரை வாங்கின. போயிடுச்சு. சந்தோஷப்படு."

"ம்" என்றார் அண்ணன். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

*

ஸ்டுடியோவின் ஒலிப்பதிவாளரைப் பாம்புக்காது என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து அறையில் ஊசி விழுந்தால் அது எத்தனாம் நம்பர் ஊசி என்று சொல்லிவிடுவார் என்பார் இவர்களுக்கு வாசிக்கும் மிருதங்கக்காரர். நல்லவேளையாக மிருதங்கக்காரரை மதியத்துக்கு மேல்தான் வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் ராகம் மட்டும். காம்போதி.

"சார் அந்த ரூம். மேடம் இந்த ரூம்" என்றார் பாம்புக்காது.

நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி, ஒவ்வொரு மைக், ஒவ்வொரு ஹெட்ஃபோன். சின்னுவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரே ரூம்ல, ஒரே மைக்ல வாசிச்சுடறோமே. எங்களுக்கு அதுதான் பழக்கம்."

"அதெல்லாம் அந்தக் காலம் மேடம். தனித்தனியா எடுத்தா எனக்கு வசதி. சார் டிராக்கைத் தனியா கேப்பேன், உங்க டிராக்கைத் தனியா கேப்பேன். ஒரு இருமல் விழுந்தாகூட யாருதுன்னு தெரிஞ்சிடும்."

இருமலே தெரிந்துவிடும் என்றால் காந்தாரம் தெரியாதா? சின்னு அண்ணனைப் பார்த்தாள். அவர் நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியில் ஒரு கோளாறும் இல்லை.

"சரிதான். உக்காரு சின்னு" என்றார்.

கதவு மூடியது. அந்த அறையில் சத்தமே இல்லை, தன் எச்சிலை விழுங்குவதுகூடக் கேட்டது. சுவரெல்லாம் சாம்பல் நிற ஸ்பாஞ்சு. ஹெட்ஃபோனுக்குள் சுருதி மெல்ல எழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் குழலை உதட்டில் வைத்தார்.

ஆரம்பித்துவிட்டார்.

கீழே அவரை அடித்துக்கொள்ள இன்றைக்கும் ஆளில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் சிறுகுழந்தையைக் கீழே இறக்குவது மாதிரி இறக்கினார். அவர் விட்ட இடத்தில் சின்னு பிடித்தாள், அவள் விட்ட இடத்தில் அவர் பிடித்தார். இரண்டு குழல்காரர்கள் சேர்ந்து வாசிப்பதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஒருவர் மூச்சு எடுக்கும் இடத்தில் மற்றவர் எடுக்கக் கூடாது. எடுத்தால் பாட்டு ஓட்டையாகிவிடும். அண்ணனின் தோள் எழும்போது சின்னுவின் தோள் தாழும். இதை அவர்கள் யோசித்துச் செய்வதில்லை. ரத்தத்தில் ஊறிவிட்டது.

ராகம் மேலே ஏறியது. சின்னுவுக்குள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. வாசித்தால் அவள் டிராக்கில் காந்தாரம் இருக்கும், அண்ணன் டிராக்கில் 'ஸ்ஸ்' இருக்கும். பாம்புக்காது ஒரு பட்டனைத் தட்டினால் போதும், நாளைக்கு ஊரே பேசும். வாசிக்காவிட்டால்? வெறும் 'ஸ்ஸ்'. அதற்கு உதடு வறண்டுவிட்டது, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுப்போம் என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். மறுபடியும் அதேதான் வரும். அதற்கடுத்ததும் அதேதான். ஆனாலும் திருட்டுப் பட்டம் வராது.

காந்தாரத்துக்கு ஒரு படி கீழே வந்தாயிற்று. அண்ணன் கண்ணை மூடி முகத்தை லேசாகத் தூக்கினார். மூச்சை இழுத்தார்.

சின்னுவும் மூச்சை இழுத்தாள். பழக்கம். இழுத்த மூச்சை அப்படியே நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாசிக்கப் போவதில்லை.

ஹெட்ஃபோனில் சுருதி மட்டும் ஓடியது.

'ஸ்ஸ்' வரும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அண்ணனின் குழல் உதட்டில்தான் இருந்தது. கண் மட்டும் திறந்துவிட்டது. கண்ணாடி வழியாக நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் மெல்லக் கீழே இறங்கி ராகத்தை முடித்தார்.

*

"அடடா" என்று பாம்புக்காது நாற்காலியைச் சுழற்றினார். "மேல போவீங்க, நிப்பீங்கன்னு நான் இங்க பிடிச்ச பிடியில உக்காந்திருக்கேன். நீங்க என்னடான்னா அங்க கொண்டுபோய் அமைதியை வெச்சிட்டீங்க. யாருக்கு சார் வரும் இந்தத் துணிச்சல்?"

அண்ணன் சிரித்து வைத்தார். சின்னுவும் சிரித்து வைத்தாள்.

"அந்த இடத்தை மட்டும் தனித்தனியா கேப்போம். வெளிச் சத்தம் ஏதாவது விழுந்திருக்கான்னு பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல சின்னு வாயைத் திறப்பதற்குள் பட்டனைத் தட்டிவிட்டார். "இது சார்."

சுருதிகூட இல்லாமல் அண்ணனின் குழல் தனியாக ஏறியது. நின்றது. ஒரு மூச்சு, நன்றாக நெஞ்சு நிறைய இழுத்த மூச்சு. அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு கசிவு, ஒரு காற்று, ஒரு பிசிறு கிடையாது.

"இது மேடம்."

ஒரு மூச்சு. அப்புறம் ஒன்றுமில்லை.

பாம்புக்காதின் புருவம் ஏறியது. "வேடிக்கையா இருக்கே. ரெண்டு பேரும் ஒரே இடத்துல மூச்சு எடுத்திருக்கீங்க. உங்க குடும்பத்துல இது நடக்காதே?"

சின்னுவுக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணன் ஊதிப் பார்த்துத் தோற்றிருந்தால் அந்த மைக்கில் காற்றாவது கேட்டிருக்கும். அவர் ஊதவே இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தார். எதற்கு? அவள் வாசிப்பாள் என்று.

"ஒரு அஞ்சு நிமிஷம்" என்றார் அண்ணன். கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார். சின்னு பின்னாலேயே ஓடினாள்.

*

படிக்கட்டில் யாருமில்லை. அண்ணன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"எப்போலேருந்து தெரியும்?" என்றாள் சின்னு.

"முதல் கச்சேரிலேயே. நான் ஊதல, ஆனா என் காந்தாரம் வருது. எனக்குக்கூடத் தெரியாதா?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன் மானம் போயிடக் கூடாதேன்னுதான்."

"எனக்கும் அதே மானம்தான்." கைப்பிடிச் சுவரை உள்ளங்கையால் தேய்த்தார். "கைதட்டினாங்க சின்னு. எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. நானும் எழுந்து தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கிட்டப்புறம் எந்த வாயால சொல்றது, அது நான் இல்லன்னு? அடுத்த கச்சேரில சொல்லிடலாம்னு நெனச்சேன். அங்கயும் கைதட்டினாங்க."

சின்னுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாகத் திருடியைப் போலப் பயந்து செத்தது அத்தனையும் வீணா? ஒவ்வொரு கச்சேரிக்கு முந்தின ராத்திரியும் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் நடந்தாளே, அதெல்லாம் எதற்கு?

"அப்ப மேடையில நீ கண்ணை மூடிக்கிட்டு முகத்தைத் தூக்கினது எல்லாம் நடிப்பா?"

"நீ மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருந்தியே. அது என்ன?"

 கீழே எங்கோ ஒரு கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

"இன்னைக்கு ஏன் வாசிக்கல?" என்று மெல்லக் கேட்டார்.

"தனி மைக். மாட்டிப்போம்னு பயம்."

"எனக்கும் அதே பயம்தான். நீ வாசிச்சுடுவியோன்னு உயிர் போச்சு. நீ வாசிக்காம நின்னதும் இன்னும் அதிகமா போச்சு. அந்த நேரத்துலதான் எனக்கு உறைச்சுது. நான் என்ன வித்வான்? மூச்சை இழுத்துக்கிட்டு தங்கச்சி வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அப்படியெல்லாம் பேசாதே அண்ணா."

"பேசி முடிச்சுடறேன். கீழ இருக்கற சங்கீதம் என்னோடது. அதை எவனும் எடுத்துக்க முடியாது. மேல இருக்கறது இனிமே உன்னோடது. காம்போதியை மறுபடி எடுப்போம். நான் வாசிக்கல. நீ மட்டும் தனியா வாசி. ஆல்பத்துல உன் பேரைப் போட்டே போகட்டும்."

"அண்ணிகிட்ட என்ன சொல்றது? அவங்க மேடையில வருது, வீட்டுலயும் வரும்னு..." சின்னுவால் முடிக்க முடியவில்லை.

அண்ணன் அந்தக் கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவியின் நம்பிக்கை அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் திருப்பிக்கொண்டார்.

"சாயந்திரம் நானே சொல்றேன். நீ போய் வாசி. என்னை மாதிரி இல்ல, உன் சத்தத்துல. உன் மணலோட. அதைக் கேட்டு எத்தனை நாளாச்சு."

"கிண்டல்தான பண்ணுவ."

"பொறாமைடி. என் குழல் கண்ணாடி, யார் வேணாலும் முகம் பாத்துக்கலாம். உன்னோடதுலதான் ஒரு ஆள் இருந்தா."

இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சொன்னதே இல்லை. சின்னுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு படியேறினாள்.

*

மறுபடி அதே சாம்பல் நிற அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலி. அண்ணன் டீ வாங்கி வருவதாகச் சொல்லிக் கீழே போய்விட்டார். தான் பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்கு வராது என்று அவருக்குத் தெரியும்.

சின்னு தொடங்கினாள். கீழே வரும்போதே மணலைத் தேடினாள். உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள், குழலைக் கொஞ்சம் வெளியே திருப்பினாள், சின்ன வயதில் எப்படிப் பிடிப்பாளோ அப்படிப் பிடித்தாள். வந்தது எண்ணெய். வழுவழுவென்று ஓடுகிற எண்ணெய்.

சரி, மேலே போனால் வரும் என்று நினைத்தாள். ஏறினாள். காந்தாரத்தில் போய் நின்றாள். அசைக்கவில்லை, வளைக்கவில்லை. பிசிறில்லாமல் நின்றது. உலகத்தில் எத்தனையோ பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்து கேட்ட அதே காந்தாரம். பெரியகுழல் காந்தாரம்.

மறுபடி இறங்கி மறுபடி ஏறினாள். பிடிவாதமாக ஏறினாள். அதேதான். ஒரு வருஷமாக அண்ணனை மாதிரி வாசித்து வாசித்து, தன்னை எங்கே கழற்றி வைத்தாள் என்பதே மறந்துவிட்டது. மணலைக் கேட்டால் மணலைக் காணோம்.

அவசர அவசரமாக ராகத்தை முடித்தாள்.

"மேடம்" என்று ஹெட்ஃபோனில் பாம்புக்காதின் குரல் கரகரத்தது. "கண்ணை மூடிக்கிட்டு கேட்டேன். சார்தான். அச்சு அசல் சார். என் காதே ஏமாந்துடுச்சுன்னா பாருங்களேன்."

மனிதர் பாராட்டித்தான் சொன்னார். சின்னுவுக்கு அறைந்த மாதிரி இருந்தது. அண்ணனின் சத்தத்தைக் காப்பாற்றிவிட்டாள். தன்னுடையதைத் தொலைத்துவிட்டாள். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? மேலே இருப்பது உன்னுடையது என்று தூக்கிக் கொடுத்தாரே, அங்கேயும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த அறைக்குள் இனி ஒரு நிமிஷம் இருக்க முடியாது என்று தோன்றியது. குழலைக் கையில் பிடித்தபடியே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

நடைக்கூடத்தில், சுவரின் மேல்கோடியில், உள்ளே நடப்பதை வெளியே கேட்க ஒரு ஸ்பீக்கர் இருந்தது. அதற்கு நேர் கீழே அண்ணி நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நெஞ்சோடு அணைத்தபடி வெந்நீர் பிளாஸ்க்.

அண்ணியின் கன்னம் நனைந்திருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"சின்னு, கேட்டியா? நின்னுது. நான் என் காதால கேட்டேன், ரெண்டு தடவை நின்னுது. மேடையும் இல்ல, கூட்டமும் இல்ல, சும்மா ஒரு ரூம்ல நின்னுடுச்சு." வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "வாய் வந்துடுச்சு. உங்கண்ணனுக்கு வாய் வந்துடுச்சு. நான் சொன்னேனா இல்லையா?"

சின்னு குழலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கை தானாகச் செய்த காரியம் அது. கொஞ்சம் தாமதமாகச் செய்தது.

"உள்ளதான இருக்கார்? நான் பாக்கலாமா? ஒரே ஒரு நிமிஷம்."

படிக்கட்டுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணன் இரண்டு கையிலும் இரண்டு காகிதக் கோப்பையோடு, டீ சிந்தாமல் இருக்கக் குனிந்து பார்த்தபடி மேலே வந்தார். கடைசிப் படியில் நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

அண்ணி அவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த கோப்பைகளைப் பார்த்தாள். திரும்பி, சின்னுவின் முதுகுக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் நுனியைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிளாஸ்கைக் கீழே வைத்தாள். மிகவும் மெதுவாக, உடையாமல் வைத்தாள்.

"எப்போலேருந்து?" என்றாள்.

பதில் சொல்ல, அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.